நீலக் காகிதத்தில் என் இடது கை

டிரஸ்ஸரம்மா யாரையும் "வாங்க" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாசலில் போய் நின்றால், "கையத் தூக்கு புள்ள" என்பார். தூக்கினால், "இன்னும் மேல" என்பார். காய்ச்சல் மருந்துக்கு வந்தவர்கள், கல்யாணம் சொல்ல வந்தவர்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வந்தவர்கள் எல்லோருமே ஒரு தடவையாவது அந்த வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரின் மனைவி மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார். பெரிய இடத்து ரோஷம் என்று நினைத்தோம். ரவிக்கை அக்குளில் கிழிந்திருந்ததாம்.

மலாயாவில், அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே ஆஸ்பத்திரி என்று ஒரு நீளக் கட்டடம், எட்டுக் கட்டில். டாக்டர் மாதம் ஒரு முறை காரில் வந்து எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். ஊசி போடுவது, கட்டுப் போடுவது, குவினைன் விழுங்கவைப்பது எல்லாம் டிரஸ்ஸரய்யாதான். அவருடைய மனைவி என்பதால் அவர் டிரஸ்ஸரம்மா. சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. நான் ஐந்து வருடம் பால் மரம் வெட்டிவிட்டு, அங்கே ஆயாவாகச் சேர்ந்தவள். வார்டு கூட்டுவது, கட்டில் துடைப்பது என் வேலை. டிரஸ்ஸரம்மாவுக்கு அங்கே வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனால் அவர் கண்ணில் படாமல் ஓர் எலும்பு அந்த வளாகத்தைத் தாண்டிப் போக முடியாது.

அவர் படம் வரைவார். படம் என்றால் நாட்காட்டியில் வருகிற மாதிரி சாமியோ பூவோ இல்லை. தோலுக்கு அடியில் இருப்பதைத்தான் வரைவார். எலும்பு, சதை, நரம்பு, மூட்டு. "மேல இருக்கறத கண்ணு உள்ளவன் எவனும் பார்ப்பான். அதுக்கு நான் எதுக்கு?" என்பார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் பாதிப் பேர் அவரை மந்திரவாதி என்று நினைத்தார்கள். மீதிப் பேர் பாவம் பிள்ளை இல்லாத ஏக்கம் என்றார்கள். இரண்டையும் அவரிடமே போய்ச் சொன்னவள் நான். "ரெண்டுல எது சொன்னவங்களுக்கு முதுகு கோணலா இருக்கு?" என்று கேட்டார்.

அவருக்கு முகம் ஞாபகம் நிற்காது. எங்களை வேலை வாங்கும் மண்டோரை மூன்று வருடம் பார்த்தும், தொப்பியைக் கழற்றிவிட்டால் யாரென்று கேட்பார். ஆனால் நூறு முழத் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவரை, "அது மூணாம் லயத்துக்காரரு. வலது இடுப்பு எறங்கியிருக்கு பாரு" என்று சரியாகச் சொல்வார்.

டிரஸ்ஸரய்யாவிடம் தடியாக ஓர் ஆங்கில வைத்தியப் புத்தகம் இருந்தது. அதில் தோலை உரித்த ஒரு மனிதன் கையை விரித்து நிற்பான். அந்தப் படங்கள் எல்லாவற்றையும் டிரஸ்ஸரம்மா இரண்டு மூன்று தடவை பார்த்து வரைந்துவிட்டார். பிறகு அந்த ஆள் மேல் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவன் ஒரு நாளாச்சும் காண்டா தூக்கியிருப்பானா புள்ள? நல்லாத் தின்னுட்டு நல்லாத் தூங்கினவன். தோள் ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கு. நம்ம ஆளுங்க யாருக்காச்சும் அப்படி இருக்கா?"

இருக்காதுதான். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, அந்தக் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து வருடக்கணக்கில் நடந்தவர்களுக்குத் தோள் எலும்பு காய்த்துப்போய், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அன்றிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் ஆட்களை வரைய ஆரம்பித்தார். பால் நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, சட்டையில்லாமல் வரும் ஆண்களைக் கண் கொட்டாமல் பார்ப்பார். தோட்டமே சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நேரே சண்டைக்கு வந்தாள்.

"எம்புருசன என்னாத்துக்கு அப்படிப் பார்க்கறீங்க?"

"ஒம்புருசனா? அவரு யாரும்மா? நான் ஒரு எடது தோள்பட்டையத்தான் பார்த்தேன்."

இதற்குக் கோபப்படுவதா, நிம்மதிப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து கோப்பி குடித்தாள். போகும்போது அவளும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

சாமிகளும் அவரிடம் தப்பவில்லை. மாதாகோயிலில் பூசை முடிந்ததும் பாதிரியாரைப் பிடித்து, சிலுவையில் இருக்கும் ஆண்டவருக்கு இடது பக்கம் ஒரு விலா எலும்பு குறைகிறது என்றார். "அது ஆதாமோட கணக்கும்மா, இங்க மாறி வந்திருக்கும்" என்று அவர் சிரித்துச் சமாளித்தார். டிரஸ்ஸரம்மா சிரிக்கவில்லை. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்தவர் மரக்குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பின்னங்கால் முட்டி தப்பாத் திரும்பியிருக்கு. இது ஓடுனா நொண்டும்" என்றார். பூசாரி அந்த வருடம் அவர் வீட்டுக்குப் பொங்கல் அனுப்பவில்லை. அடுத்த வருடம் குதிரை வெளியே வந்தபோது முட்டியில் புது மரம் ஒட்டி வண்ணம் அடித்திருந்தது. அதைப் பற்றிப் பூசாரியும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இவ்வளவும் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் நடந்தவை. காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, போகிறவர் வருகிறவர் மடியெல்லாம் சோதித்தார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர் ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் குற்றம். சந்தேகம் வந்தால் பிடித்து உள்ளே வைப்பார்கள். விசாரணை என்று ஒன்று நடக்கும், நடக்காமலும் போகும். பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். என் சித்தப்பா தொழிற்சங்கத்தில் இருந்தவர். அவரை அப்படித்தான் அனுப்பினார்கள். அவர் பிறந்தது இங்கே. போய் இறங்கிய ஊரில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. அதிலிருந்து எங்கள் வீட்டின் பெயரும் போலீஸ் ஏட்டில் இருந்தது. அப்பா யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். நாங்களும் வாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அந்தச் சமயத்தில்தான் டிரஸ்ஸரம்மாவுக்கு என் இடது கை மேல் கண் விழுந்தது. கத்தி பிடித்துப் பழகிய கைகள். நரம்பு புடைத்திருக்கும், வெட்டுக் காயத் தழும்பு நாலு இருக்கும். மூன்று மத்தியானம் என்னை உட்காரவைத்தார். முழங்கைக்கு மேலே ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டுவார், நரம்பு எழும்பும், பார்ப்பார், அவிழ்ப்பார், வரைவார். ஆஸ்பத்திரிக்குப் பஞ்சு சுற்றி வரும் நீலக் காகிதங்களை ஒட்டி, பாய் அகலத்துக்கு ஒரு தாள். அதில் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, சிவப்புப் பென்சிலிலும் நீலப் பென்சிலிலும். கை என்று தெரிய ஓரக்கோடு கூடப் போடவில்லை. நரம்பு மட்டும்தான். தழும்பு இருக்கும் இடத்தில் சின்ன வட்டம் போட்டு, பக்கத்தில் "கத்தி" என்று எழுதினார்.

எனக்குக் கை மரத்துப்போகும். ஆனாலும் ஒரு பெருமை. என்னிடம் இருக்கும் எதையும் அதுவரை யாரும் மூன்று மத்தியானம் உட்கார்ந்து பார்த்ததில்லை. "என் பேரு எழுதிடாதீங்கம்மா, அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாரு" என்றேன். "பேரு எதுக்கு? நரம்பே போதும்" என்றார்.

பிறகு காட்டுப்பன்றி வந்தது. பெரிய துரை சுட்டது. லயத்தில் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலை டிரஸ்ஸரம்மா என் கையில் ஒரு சாக்கைக் கொடுத்து, "வீடு வீடாப் போயி எலும்ப வாங்கிட்டு வா. முழுசா அடுக்கி வச்சு வரையணும்" என்றார். என் வாழ்க்கையில் அதைவிட வெட்கமான வேலை பார்த்ததில்லை. "ஆயாவுக்குக் கறி பத்தலயா?" என்று கேட்காத வீடு இல்லை. எல்லாம் வந்து சேர்ந்ததும் தரையில் பரப்பிப் பார்த்தார். ஒரு தோள்பட்டை இல்லை. மண்டோர் வீட்டு நாயிடம் இருந்தது. அதைப் பிடிக்க டிரஸ்ஸரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதையும், நாய் அதை விளையாட்டு என்று நினைத்ததையும் லயத்தில் ரொம்ப நாள் பேசினார்கள்.

ஒட்டியிருந்த சதை போக எலும்பை வேகவைக்க வேண்டும். கோயில் அன்னதானத்துக்கு வைத்திருந்த அண்டாவை இரவல் வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கல் கூட்டி அடுப்பு மூட்டினார். காற்று வேலிப் பக்கம் அடித்தது. கால் மணி நேரத்தில் ஒரு மலாய்க்காரச் சார்ஜனும் நாலு போலீஸ்காரர்களும் வந்து நின்றார்கள். அரிசியை அளந்து தின்கிற காலத்தில், ஐம்பது பேருக்கு ஆகிற அண்டாவில் கறி கொதிக்கிறது. அவர்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

"யாருக்குச் சமையல்?" என்று சார்ஜன் கேட்டார். கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர் மாற்றிச் சொன்னார்.

"யாரும் சாப்புடறதுக்கு இல்ல" என்றார் டிரஸ்ஸரம்மா.

"அப்ப என்னாத்துக்கு?"

"கழுவறதுக்கு."

இதைவிடச் சந்தேகமான பதிலை அவர் யோசித்தும் சொல்லியிருக்க முடியாது. சார்ஜன் கம்பை விட்டுக் கிளறினார். தாடை எலும்பு பல்லோடு மேலே வந்தது. பன்றி என்று தெரிந்ததும் கம்பைப் போட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அண்டா விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் வந்தது வந்தோம் என்று வீட்டைச் சோதித்தார்கள். மெத்தைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த நீலக் காகிதம் கிடைத்தது.

அதை வார்டு மேசையில் விரித்தார்கள். படுத்திருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்கள். நீலக் கோடு ஒன்று பெரிதாக வளைந்து போகிறது. அதில் கிளைகள் வந்து சேர்கின்றன. சிவப்புக் கோடுகள் குறுக்கே பிரிந்து போகின்றன. நாலு இடத்தில் வட்டம், "கத்தி" என்ற எழுத்து. தமிழ்ப் போலீஸ்காரர் விரலை வைத்து, "இது ஆறு. இந்தா, இது கம்போங் குவாந்தான் பக்கம் திரும்பற எடம். காட்டுல இருக்கறவனுக்குப் போட்ட மேப்பு" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கே அப்போது அது ஆறு மாதிரிதான் தெரிந்தது.

"இது மேப்பு இல்ல. ஒரு பொண்ணோட கை" என்றார் டிரஸ்ஸரம்மா.

"எந்தப் பொண்ணு?"

நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தோட்டத்தில் உள்ள தோள்பட்டை ஒவ்வொன்றையும் மனப்பாடமாக வைத்திருந்தவர், "ஞாபகம் இல்ல" என்றார்.

நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இடது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் டிரஸ்ஸரய்யா அந்தத் தடிப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கை நரம்புப் படத்தைத் திறந்து வெள்ளைக்கார அதிகாரியிடம் காட்டியிருக்கிறார். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை. எப்படி ஒத்துப்போகும்? புத்தகத்து ஆள் மாதிரி வரையக் கூடாது என்பதுதானே டிரஸ்ஸரம்மாவின் வைராக்கியம். ஆளுக்கு ஆள் நரம்பு ஓடும் வழி மாறும் என்று அய்யா சொன்னதற்கு, "அப்படியானால் அந்த ஆளைக் கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் மருந்து அலமாரியைத் திறந்து சீசாக்களை அடுக்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "அந்தக் கையில நான் எத்தன ஊசி போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா? ஆனா நான் சொல்ல மாட்டேன் தாயி. ஒங்கப்பா நெலம தெரியும். நீயா சொன்னாத்தான் உண்டு."

மூன்று நாள் போனது. கப்பலேற்றிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. வேறு டிரஸ்ஸருக்குத் துரை எழுதிப்போட்டுவிட்டார் என்றும் சொன்னார்கள். டிரஸ்ஸரம்மா இல்லாத வாசலில் எல்லோரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா போய் வந்தார்கள். எனக்கு அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. பின்பக்கமாகப் போய் வந்தேன். அங்கே அந்த எலும்பெல்லாம் அண்டாத் தண்ணீரில் அப்படியே கிடந்தது.

நாலாம் நாள் விடிந்து, அப்பா பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"மூணு நாளா அந்தம்மா உள்ள இருக்கு. நீ சோறு தின்னியா?"

தின்றிருந்தேன். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

"கெளம்பு. நானும் வர்றேன்" என்றார்.

ஸ்டேஷனில் என்னை ஒரு மேசை முன்னால் உட்காரவைத்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி, மொழிபெயர்க்க ஒரு தமிழர், சுவர் ஓரமாக அப்பா. வீட்டுப் பெயரைக் கேட்டதும் மொழிபெயர்ப்பவர் ஓர் ஏட்டைப் புரட்டி, சித்தப்பா பெயரைத் தொட்டுக் காட்டினார். நான் இடது கையை மேசை மேல் நீட்டினேன். டிரஸ்ஸரய்யா கொடுத்தனுப்பிய ரப்பர் குழாயைக் கட்டச் சொன்னேன். நரம்பு எழும்பியது. அதிகாரி பென்சில் முனையால் படத்தில் ஒரு கோட்டைத் தொடுவார், என் கையில் அதே கோட்டைத் தொடுவார். வளைவுக்கு வளைவு, கிளைக்குக் கிளை, தழும்புக்கு வட்டம். எல்லாம் சரியாக வந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டுக்குக் கிட்டே பென்சில் நின்றது. படத்தில் நீலக் கோடு அங்கே இரண்டாகப் பிரிகிறது. என் கையில் பிரியவில்லை.

மறுபடி பார்த்தார். பிரியவில்லை. அவர் முகம் மாறியது. டிரஸ்ஸரம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

வந்தவர் கசங்கிய சேலையும் வாராத தலையுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கு வந்த?" என்று கேட்கவில்லை. மேசைக்குக் குனிந்து, என் மணிக்கட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அய்யய்யோ" என்றார். "தொர சொல்றதுதான் சரி. தப்பா போட்டிருக்கேன்."

மொழிபெயர்ப்பவர் பதறிப்போய், "அம்மா, நீங்க சும்மா இருங்க. நான் வேற மாதிரி சொல்லிக்கறேன்" என்றார்.

"என்னா வேற மாதிரி? அங்க ஒண்ணுதான் ஓடுது. அன்னைக்கு மழ மூட்டம் போட்டு வெளிச்சம் போயிருச்சு, நான் உத்தேசமா இழுத்துட்டேன். அது என் தப்புதானே?"

சொல்லிக்கொண்டே அதிகாரியின் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினார். தன்னைக் கப்பலேற்றப் போகிற சாட்சியத்தின் மேலேயே குனிந்து, தப்பான கிளையை அடித்துவிட்டுச் சரியான கோட்டை இழுத்தார். பிறகு என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, கோட்டை இன்னும் கொஞ்சம் வளைத்தார். அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருத்தியை எந்தக் காட்டுக் கூட்டமும் கூட வைத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பென்சிலைக் கேட்டு வாங்கி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். எங்கள் வீட்டுப் பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. எங்கேயோ ஒரு கோப்பில் என் இடது கை ஆறாக ஓடிக்கொண்டிருக்கும்.

பஸ்ஸில் அப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் என்னால் முடியவில்லை.

"மூணு நாளா நான் வாயத் தொறக்கலம்மா" என்றேன்.

அவர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"நேத்து காலையில ஸ்டேஷன் முத்தத்துல மூணு பேர கொண்டாந்து போட்டாங்க புள்ள. காட்டுல சுட்டது. போறவன் வர்றவன் எல்லாம் பார்க்கட்டும்னு. ஒரு போலீஸ்காரன் வந்து, 'நீதான் எலும்பு பார்க்கற அம்மாவாச்சே, வந்து பாரு'ன்னு கூட்டிட்டுப் போனான்."

"போனீங்களா?"

"போனேன். பார்க்கணும்னுதான் போனேன், பொய் சொல்லல. அதுல ஒண்ணு பொம்பளப்புள்ள. சீனப் பொண்ணு. ஒன் வயசுதான் இருக்கும். சட்டக் கை மேல ஏறிக் கெடந்துச்சு. கை வெளிய, வெயில்ல."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எறக்கிவிட்டு, மணிக்கட்டுல பொத்தான் போட்டேன்" என்றார். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் பார்க்கல. என்னால பார்க்க முடியல."

பிறகு என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புரட்டவில்லை, அமுக்கிப் பார்க்கவில்லை, எங்கே நரம்பு ஓடுகிறது என்று தேடவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். தோட்டத்து கேட்டில் பஸ் நின்று, அப்பா இறங்கி எங்களைக் கூப்பிடும்வரை விடவில்லை.